பழைய ஹேட்ச்பேக்குக்கு வேறு எஞ்சினா? காசு கொடுப்பதற்கு முன் நடக்கும் தவறுகள்

முதல் தவறு எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது. அதாவது, எஞ்சினை முதலில் தேர்ந்தெடுப்பது.

என் கார் சுசுக்கி ஸ்விஃப்ட் 1.5. சிங்கப்பூரில், பத்து வயது தாண்டி, வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) புதுப்பித்து ஓட்டுகிறேன். எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்த புதிதில் என் மைத்துனர் தேக்காவில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "அதுல ஹோண்டா கே20 போடுங்க மச்சான், பறக்கும்." அன்று இரவே யூடியூபில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் குதிரைசக்தி பார்த்தேன். காரின் சிஓஇ எந்தத் தேதியில் முடிகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

நம் ஊரில் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. பத்து ஆண்டு முடிந்த காரை ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ நீட்டிக்கலாம். ஐந்து ஆண்டுக்கு நீட்டித்திருந்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. அந்தத் தேதியோடு கார் சாலையை விட்டுப் போக வேண்டியதுதான். மிச்சம் இரண்டரை வருஷம் இருக்கும் காரில் வேறு எஞ்சின் போடுவது, காலி செய்யப்போகும் வாடகை வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுகிற வேலை. சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளத்தில் நுழைந்து, ஒன்மோட்டரிங் என்ற வாகனத் தளத்தில் தேதியைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். மிச்சமிருக்கும் மாதங்களால் மொத்தச் செலவை வகுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தணிந்துவிடும்.

இரண்டாவது, "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்ற பேச்சை நம்புவது. எஞ்சின் எண் காரின் பதிவில் இருக்கிறது. அதே மாடல் எஞ்சினைப் போட்டாலும் அந்த எண் பதிவில் மாற வேண்டும். வேறு மாடல் என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். நான் விசாரித்த ஒரு பட்டறையில், முதலில் போட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். முன்பணம் மட்டும் அன்றைக்கே வேண்டுமாம். சட்டவிரோத மாற்றத்துக்கு அபராதம் உண்டு, சிறையும் உண்டு. அது பட்டறைக்காரரோடு போகாது, காரின் உரிமையாளரையும் தேடி வரும். பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்பதால் மறைத்து ஓட்டவும் வழியில்லை. காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீட்டில் கை வைப்பார்கள்.

சாலை வரியைப் பலர் பெட்ரோல் செலவு மாதிரி பார்த்து நகர்கிறார்கள். அது எஞ்சினின் கொள்ளளவான சிசி-யைப் பொறுத்தது, அதோடு காரின் வயதையும் பொறுத்தது. பத்து ஆண்டுக்கு மேல் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, 14 ஆண்டு தாண்டினால் கூடுதல் வரி 50 விழுக்காடு. அந்த வயதில் என் 1,490 சிசி காருக்கு ஆண்டு வரி சுமார் 1,017 வெள்ளி. 1,586 சிசி என்றால் சுமார் 1,102. மைத்துனரின் கே20ஏ 1,998 சிசி, சுமார் 1,814. கார் நின்ற இடத்தில் நின்றாலும் ஆண்டுக்கு எண்ணூறு வெள்ளி கூடுதல்.

அதனால்தான் நான் ஒரே குடும்பத்துக்குள் தேடினேன். சுசுக்கியின் எம் வரிசையில் எம்13ஏ, எம்15ஏ, எம்16ஏ மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு: எம்15ஏ-இல் 78, எம்16ஏ-இல் 83. பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் இருந்தது இந்த எம்16ஏ, மேலே சொன்ன 1,586 சிசி, 92 கிலோவாட். எஞ்சினைக் காரில் பிடித்து வைக்கும் தாங்கிகள், கியர்பாக்ஸ் சேரும் முகம் எல்லாம் பெரும்பாலும் ஒத்துப்போகும். வேறு நிறுவனத்தின் எஞ்சின் என்றால் தாங்கியை வெட்டி ஒட்ட வேண்டும், டிரைவ் ஷாஃப்டைத் தனியாகச் செய்ய வேண்டும், ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒப்புதல் கேட்க வேண்டும். கே20-இன் புகழில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கார்தான் அதற்குப் பொருந்தாது.

வெளிநாட்டு வீடியோக்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? எஞ்சின் ஏறி, சத்தம் வந்து, ஆள் சிரிக்கும்போது வீடியோ முடிந்துவிடும். ஏர்கான் ஓடுகிறதா என்று யாரும் காட்டுவதில்லை. நம் ஊர் வெயிலில் தீவு விரைவுச்சாலை நெரிசலில் நிற்கும் காருக்கு அதுதான் உயிர்நாடி. கம்ப்ரஸரைப் பிடிக்கும் தாங்கி, அதிலிருந்து போகும் குழாய்களின் வளைவு, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் மிஞ்சும் இடம் மூன்றையும் எஞ்சின் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். பழைய ரேடியேட்டர் பெரிய எஞ்சினின் சூட்டைத் தாங்குமா என்பது நள்ளிரவு ஓட்டத்தில் தெரியாது. மத்தியானம் மூன்று மணிக்கு, ஏர்கானை முழுதாக வைத்து, அசையாமல் நிற்கும்போது தெரியும்.

கியர்பாக்ஸும் அப்படித்தான். ஆட்டோ கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினை மட்டும் மாற்றினால் இசியு-வும் (எஞ்சினை ஆளும் கணினி) கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பேசாது. எஞ்சின் வந்த காரின் இசியு, ஒயரிங், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), சாவி, ஆக்சிலரேட்டர் பெடல்வரை ஒரே செட்டாக வர வேண்டும். ஒரு காரில் ஆக்சிலரேட்டர் கேபிள், இன்னொன்றில் எலெக்ட்ரானிக் என்றால் பெடலே மாறும். இதனால்தான் தனி எஞ்சினைவிட, எஞ்சினோடு வெட்டியெடுத்த காரின் முன்பாதியான ஹாஃப்-கட் நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு பிளக்கைத் தேடி ஒரு வாரம் அலைய வேண்டியதில்லை.

நான் அலைந்தேன். மலிவாகக் கிடைத்தது என்று தனி எஞ்சின் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் குறைவான கிலோமீட்டர் என்றார். கழற்றி வைத்த எஞ்சினில் மீட்டர் ஏது? எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்திருந்தாலே தெரிந்திருக்கும்: கேம் மேல் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் படிந்திருந்தது, விரலால் தேய்த்தால் போகவில்லை. நான் வெளியே பளபளவென்று கழுவி வைத்திருந்ததைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

பட்டறையில் எங்கள் மெக்கானிக் அங்கிள் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைச் சொருகி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார். 190. 185. 190. நான்காவது சிலிண்டரில் முள் 130 பிஎஸ்ஐ-யில் நின்றுவிட்டது. ஒரு கரண்டி எண்ணெயை அந்தத் துளையில் விட்டு மறுபடி சுற்றினார். 165-க்கு ஏறியது. "ரிங் தேஞ்சிருச்சு தம்பி. எண்ணெய் விட்டும் ஏறலன்னா வால்வு. இது ஏறுது பாரு." வாங்கும் இடத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எஞ்சினை இயக்கிச் சூடாக்க முடிந்தால் இன்னும் நல்லது. சிலிண்டர்களுக்கு இடையே பத்து, பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடையைக் கட்டுங்கள். சோதிக்க விடாத கடையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று: பழைய எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றி ஓவர்ஹால் செய்தால் என்ன ஆகும் என்று கேட்காமலே பலர் மாற்றத்துக்கு ஓடுகிறார்கள். எண்ணெய் குடிப்பது மட்டும்தான் குறை என்றால் ரிங்கும் வால்வு சீலும் போதும். எஞ்சின் எண் மாறாது, விண்ணப்பம் இல்லை, வரியும் மாறாது. உண்மையில் என் காருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆசை விடவில்லை, அவ்வளவுதான்.

எம்16ஏ-இன் கம்ப்ரஷன் விகிதம் 11.1, அதற்கு உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் நல்லது என்பதால், 92 பெட்ரோல் ஊற்றிப் பழகியவர்கள் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்குப் பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொடுத்திருந்தார்கள். சக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பிரேக்கை விடுவது நியாயமில்லை.

கடைசியாக, எஞ்சின் வெளியே இருக்கும்போது செய்ய வேண்டியதை ஒத்திப் போடுவது. கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், தாங்கி ரப்பர், கிராங்கின் பின்பக்க எண்ணெய் சீல். கிடங்கில் நெடுநாள் கிடந்த எஞ்சினில் ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். ரிங் தேய்ந்த எஞ்சினை விட்டு இரண்டாவது எஞ்சினை ஏற்றும்போது அந்த சீல் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் கார் நிறுத்துமிடத்தில் என் காருக்கு அடியில் ஒரு வெள்ளிக் காசு அளவுக்குக் கருப்புத் துளி. சீல் சில வெள்ளிதான். அதை மாற்ற கியர்பாக்ஸை மறுபடி இறக்கி ஏற்றிய கூலியை இன்னும் என் மனைவியிடம் சொல்லவில்லை.