வளைகுடா வெயிலுக்குச் சுடிதார்: துணி எடுப்பதில் இருந்து ஷால் குத்துவது வரை

மஸ்கட், துபாய், அபுதாபி என்று சுற்றிப் பார்க்கக் கிளம்பும் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பெண்களுக்காக எழுதுவது இது. "உடம்பை மூடினால் வெந்துவிடுவோமே" என்ற பயம் வேண்டாம். மூடுவதால் வேகாது. உடம்போடு ஒட்டுவதால்தான் வேகும். தொளதொளவென்று இருக்கிற முழுக்கைக் காட்டன், கையில்லாத இறுக்கமான டாப்பைவிடக் குளிர்ச்சி.

முதலில் நாட்டைப் பாருங்கள். அமீரகத்திலும் ஓமனிலும் வெளியில் நடமாடத் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். தலையை மூட வேண்டியது பள்ளிவாசலுக்குள்தான். சவுதி 2019-ல் சுற்றுலா விசா தொடங்கியபோதே வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா (உடைக்கு மேல் போடும் நீள அங்கி) கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது, ஆனால் அடக்கமான உடை வேண்டும். ஈரானில் பொது இடத்தில் தலையை மூடுவது சட்டம். பள்ளிவாசலுக்குள் போகும் அளவுக்கு 2 செட் தைத்துக்கொண்டால் மற்ற எல்லா இடத்துக்கும் அதுவே ஆகும்.

துணி எடுப்பது

மல் காட்டன், கேம்ப்ரிக், லினன் நல்லது. ரேயான் பரவாயில்லை, ஆனால் வியர்வையில் கனத்துத் தொங்கும். ஜார்ஜெட்டும் பாலியஸ்டரும் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் "காட்டன்தான்மா" என்றாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் காட்டன் அல்லது ரேயான். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

44 அங்குல அகலத் துணியில், 48 அங்குல நீள முழுக்கை டாப்புக்கு 3.25 மீட்டர், நேர் பேண்டுக்கு 2.5 மீட்டர் எடுங்கள். டெய்லரிடம் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, தேய்த்துவிடுங்கள். நனைக்காமல் தைத்த காட்டன் 5 விழுக்காடு சுருங்கினால் 48 அங்குலத்தில் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் போய்விடும். கை மணிக்கட்டுக்கு மேலே ஏறும், பேண்ட் கணுக்காலைக் காட்டும். பள்ளிவாசல் வாசலில் முதலில் கவனிப்பதே இந்த இரண்டு இடத்தைத்தான்.

வெளிச்சச் சோதனை

நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். குளிர்ச்சியான துணி மெல்லியது, மெல்லிய துணி உள்ளே காட்டும். கடை டியூப்லைட்டில் எதுவும் தெரியாது. பள்ளிவாசலின் வெள்ளைப் பளிங்கு முற்றத்தில் நிற்கும்போது வெயில் மேலிருந்தும் தரையிலிருந்தும் அடிக்கும், காலின் வடிவம் அப்படியே தெரியும்.

அதனால் துணியைக் கடைக்கு வெளியே கொண்டுவாருங்கள். கையை உள்ளே விட்டு, சூரியனுக்கு எதிரே பிடியுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் லைனிங் கட்டாயம். லைனிங்குக்கும் காட்டன்தான் வேண்டும். சில டெய்லர்கள் கேட்காமலே பாலியஸ்டர் லைனிங் வைத்துவிடுவார்கள், மேலே மல் போட்டதே வீணாகும். தோளிலிருந்து முழங்கால் வரை லைனிங் வைத்து, கைக்கு வைக்காமல் இருக்க வேண்டுமானால் நெருக்கமான சின்னப் பூப்போட்ட துணியாக எடுங்கள். அச்சு கண்ணைத் திருப்பும், உள்வடிவம் தெரியாது. வெளிர் துணிக்குள் வெள்ளை உள்ளாடை போடக் கூடாது. நம் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் அது பளிச்சென்று எட்டிப் பார்க்கும். தோல் நிறத்திலேயே போடுங்கள்.

டெய்லரிடம் சொல்ல வேண்டியது

மார்புச் சுற்றளவுக்கு மேல் 6 அங்குலம் தளர்வு. அக்குள் இறுக்கமாக இருந்தால் மற்றதெல்லாம் லூசாக இருந்தும் பயனில்லை, வியர்வை முதலில் பிடிப்பது அங்கேதான். சைடு ஓப்பன் வழக்கமாக இடுப்புக்குக் கீழேயே தொடங்கும். அதை முழங்காலுக்குக் கீழே தொடங்கச் சொல்லுங்கள். லெக்கின்ஸ் வேண்டாம். முழுக் காலையும் மூடுகிறதே என்று தோன்றும், ஆனால் காலின் வடிவத்தைக் காட்டுவதால் பள்ளிவாசலில் அது செல்லாது.

ஷால்

2 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், காட்டன். சில்க்கும் ஷிஃபானும் நிமிடத்துக்கு ஒருமுறை நழுவும். உள்ளே ஒரு காட்டன் தொப்பி போட்டு, தாடைக்குக் கீழே ஒரு ஊக்கு, தோளில் ஒரு ஊக்கு. தாடையில் இரண்டு விரல் நுழையும் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். கட்டியது நிற்கிறதா என்று பார்க்கக் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைக்கு ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள், அந்தக் காற்றுக்கு நின்றால் எந்தக் காற்றுக்கும் நிற்கும்.

ஆனால் வெயிலை இங்கே சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம்ம ஊர் மே மாதம் வறட்டு வெயில், வியர்வை காய்ந்துவிடும். கடலோர மஸ்கட்டிலும் துபாயிலும் ஆகஸ்டில் காற்றிலேயே ஈரம், வியர்வை காயாது. தொடை உரசிப் புண்ணாகும். உள்ளே முழங்கால் வரை ஒரு காட்டன் ஷார்ட்ஸ் போடுவதுதான் வழி.

மஸ்கட் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி. வெயில் ஏறுமுன் போய்விடலாம். செருப்பைக் கழற்ற வேண்டும், காட்டன் சாக்ஸ் ஒரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும்.

ஆண்களுக்கு: முழு பேண்ட், சட்டை. கைலியோடு அறைக்கு வெளியே வர வேண்டாம்.

பின்சேர்ப்பு: சேலை கட்டலாமா? அம்மாமார்கள் அதிகம் கேட்பது இது. கடைத்தெருவுக்குத் தாராளமாகக் கட்டலாம். பள்ளிவாசலுக்கு இடுப்பும் முதுகும் தெரிவதுதான் சிக்கல். சுடிதாரே போடாதவர்களுக்கு முழுக்கை வைத்து, இடுப்புக்குக் கீழே இறங்கும் நீள ரவிக்கை ஒன்று தையுங்கள். முந்தானையைத் தலைக்குப் போட நீளம் வேண்டும், அதனால் கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். பொட்டையும் தாலியையும் கழற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று. பெங்களூர் விமான நிலையத்திலும் வளைகுடா மால்களிலும் ஏசி நடுக்கும். ஸ்வெட்டர் சுமக்காமல் இரண்டாவது ஷாலைக் கொஞ்சம் கனமான கைத்தறியாக எடுத்துக்கொண்டால் போர்த்திக்கொள்ள அதுவே போதும்.