குறுக்கெழுத்தில் ‘நியெட்’: எங்கே தடுக்கி விழுகிறோம்?

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ‘ராஜதந்திரியின் மறுப்பு, நான்கு எழுத்து’ என்று வந்தால் கை தானாகவே ‘வீட்டோ’ (தீர்மானத்தைத் தடுக்கும் ஓட்டு) என்று எழுதப் போகும். கொஞ்சம் பொறுங்கள். குறிப்பில் மாஸ்கோ, கிரெம்ளின், குரோமிகோ என்று ஏதாவது தலைகாட்டினால் விடை பெரும்பாலும் ‘நியெட்’. ரஷ்ய மொழியில் ‘இல்லை’, ‘முடியாது’. இரண்டு சொல்லிலும் ஈ, டி அடுத்தடுத்து வருவதுதான் வம்பு. வீட்டோவில் ஈ இரண்டாம் கட்டத்தில் விழும், நியெட்டில் மூன்றாவதில். குறுக்கே போகும் சொல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு எழுதினால் அடித்தல் மிச்சம்.

ரஷ்யன் படித்தவர்களுக்கு வேறு தொல்லை. சிரிலிக்கில் அது மூன்றே எழுத்து. கட்டம் கேட்பதோ ஆங்கில எழுத்துக்கூட்டலை: என், ஒய், ஈ, டி.

அப்புறம், எல்லா நியெட்டையும் ஆந்திரே குரோமிகோவின் கணக்கில் எழுதுவது. 1957 முதல் 1985 வரை சோவியத் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ‘மிஸ்டர் நியெட்’ என்றே மேற்கத்திய பத்திரிகைகள் அவரை அழைத்தன. ஆனால் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் முதல் வீட்டோவைப் போட்டவர் இன்னொரு சோவியத் பிரதிநிதி, விஷின்ஸ்கி. 1946 பிப்ரவரி, சிரியா–லெபனான் விவகாரம். அந்தப் பட்டப்பெயரும் குரோமிகோவுக்கு முன்பே, முந்தைய சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவுக்கு ஒட்டியிருந்தது.

கூட்டத்துக்கு வராமல் இருந்தாலே மறுப்புதான் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. அதைச் செய்தது சோவியத் யூனியனே! சீனாவின் இருக்கையை மாவோ அரசுக்குத் தரவில்லை என்று 1950 ஜனவரியில் சோவியத் பிரதிநிதி யாக்கோவ் மாலிக் வெளிநடப்பு செய்தார். ஜூனில் கொரியப் போர் மூண்டது. தென் கொரியாவுக்கு உதவச் சொல்லும் தீர்மானம் ஜூன் 27 அன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது நாற்காலி காலி. வீட்டோ போட ஆளில்லை, தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆகஸ்டில் மாலிக் அவசரமாகத் திரும்பி வந்தார், அதற்குள் ஐ.நா. கொடியோடு அமெரிக்கப் படைகள் இறங்கியாயிற்று. ‘கலந்துகொள்ளவில்லை’, ‘நடுநிலை’ என்று குறிப்பு வந்தால், அங்கே நியெட் பொருந்தாது.

நியெட் என்றாலே முரட்டு முட்டுக்கட்டை என்பதும் மேற்கத்திய பத்திரிகைகளின் பார்வைதான். 1961இல் கோவாவிலிருந்து இந்தியப் படை வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்தை வீழ்த்தியது சோவியத் வீட்டோ. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, உடனடிப் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானங்களையும் அதுவே தடுத்தது. டெல்லிக்கு அந்தச் சில நாட்கள் தேவைப்பட்டன. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.