அறிவிப்பு முதல் ஒப்பந்தம் வரை: புதிய எழுத்தாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புத்தகக் காட்சி நெருங்க நெருங்க வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியோர் அறிவிப்பு சுற்றத் தொடங்கும்: "நூறு கவிஞர்களின் தொகுப்பு நூல். ஒரு கவிதை, ஒரு புகைப்படம், பங்களிப்புத் தொகை 500 ரூபாய். ஐ.எஸ்.பி.என். எண், சான்றிதழ், விழா மேடையில் பட்டம்." பார்த்த கையோடு பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேரிடம் 500 ரூபாய் வாங்கினால், அச்சுக்குப் போகும் முன்பே 50,000 ரூபாய் வந்து சேர்ந்துவிடுகிறது. அதன்பிறகு அந்தப் புத்தகம் ஒரு பிரதிகூட விற்க வேண்டியதில்லை. விற்க வேண்டாத புத்தகத்தை யார் கடைகளுக்குக் கொண்டுபோவார்கள், யார் மதிப்புரைக்கு அனுப்புவார்கள்? அதை வாங்குவது எழுதியவர்களும் அவர்கள் வீட்டாரும்தான். புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னும் பெரிய சலுகை அல்ல. மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடுபவரே விண்ணப்பித்துப் பெறலாம். அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொந்தக் காசில் புத்தகம் போடுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். தமிழில் நல்ல கவிதைத் தொகுப்புகள் சில அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் எத்தனை பிரதி, மிச்சப் பிரதிகள் யாரிடம் இருக்கும், கடைகளுக்கு யார் அனுப்புவார்கள் என்பதையெல்லாம் எழுதி வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்த பிறகு, ஆயிரம் பிரதி போட்டதாகச் சொல்லிவிட்டு ஐம்பது எடுப்பது சுலபமாகிவிட்டது.

இதழ்களுக்கு அனுப்புவதில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. காலச்சுவடு, உயிர்மை, கணையாழி போன்ற அச்சிதழ்கள் இருக்கின்றன. சொல்வனம், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம் போன்ற இணைய இதழ்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசனை உண்டு. அந்த இதழில் நான்கு கதைகளாவது படிக்காமல் கதை அனுப்புவது ஆசிரியரின் நேரத்தையும் உங்கள் காத்திருப்பையும் வீணாக்கும். ஒரே கதையை ஒரே சமயத்தில் மூன்று இடங்களுக்கு அனுப்பிவிட்டு, இரண்டில் வெளியான பிறகு மன்னிப்புக் கேட்பவர்கள் உண்டு. ஆசிரியர்கள் அந்தப் பெயரை மறப்பதில்லை. கதையை எழுதிய இரவே முகநூலில் போட்டுவிட்டு மறுநாள் போட்டிக்கு அனுப்புவதும் கூடாது. 'எங்கும் வெளிவராத படைப்பு' என்ற விதிக்குள் முகநூலும் வலைப்பூவும் அடங்கும் என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். பிறகு அழித்தாலும், முன்பே படித்தவர் யாராவது சொல்லிவிடுவார்.

கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றி, வேர்டு கோப்பாக அனுப்புங்கள்.

விருதுச் செய்திகளை ஃபார்வர்டு வழியாக மட்டும் தெரிந்துகொள்வதால் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது 2011 முதல் தரப்படுகிறது. பரிசு 50,000 ரூபாய். விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று வயது 35-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, புத்தகமும் வெளிவந்திருக்க வேண்டும். வயது போய்விடுமே என்ற பயத்தில் பாதி வெந்த கதைகளைத் தொகுத்து அச்சுக்குக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. முதல் புத்தகத்துக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. கவனமாகச் செய்தால் முதல் புத்தகமே போதும்: 2018-இல் இந்த விருதைப் பெற்ற சுனில் கிருஷ்ணனின் 'அம்புப் படுக்கை' அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்புதான். இளம் எழுத்தாளர்களுக்கு இன்னொரு வாய்ப்பு பிரதமர் யுவா திட்டம். 30 வயதுக்குட்பட்டவர்களுக்காக நேஷனல் புக் டிரஸ்ட் நடத்துவது. தேர்வானவர்களுக்கு ஆறு மாதம், மாதம் 50,000 ரூபாய் உதவித்தொகை. 2021-இல் முதல் முறை 75 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் தலைப்பை அவர்களே அறிவிக்கிறார்கள். 2025 அறிவிப்பு புனைவல்லாத நூல்களுக்கானது. விதிமுறையைப் படிக்காமல் இத்தகைய அழைப்புக்கு நாவல் அனுப்பினால் அது பரிசீலனைக்கே போகாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஒப்பந்தம். புத்தகம் வருகிற சந்தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் ஒப்பந்தமே இருப்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது வாரிசுகளிடம் இருக்கும். எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடுதான் அது இன்னொருவருக்குப் போக முடியும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஐந்தாண்டு வரம்பு உங்களுக்கு உதவாது. ஆகவே "இந்நூலின் அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே" என்ற ஒற்றை வரியைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்த 'அனைத்து' என்பதற்குள் மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமை எல்லாம் அடங்கிவிடும். அச்சுநூல் உரிமையை மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு என்று திருத்தி எழுதக் கேளுங்கள். விற்பனையில் உங்களுக்கு வரவேண்டிய பங்கான ராயல்டியும் சதவீதமாக எழுத்தில் இருக்க வேண்டும். விலையில் 10 சதவீதம் என்பது தமிழ்ப் பதிப்பில் பரவலான வழக்கம். கணக்கு எந்த மாதம் வரும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறார்கள். நல்ல பதிப்பாளர் கோபிப்பதில்லை. போட்டிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பரிசு பெற்ற கதையை ஒருமுறை வெளியிடும் உரிமை கேட்பது நியாயம். வந்து சேரும் எல்லாக் கதைகளின் உரிமையும் தங்களுக்கே என்று விதி போட்டிருந்தால், கதையை அனுப்பாமல் வைத்துக்கொண்டு வேறோர் இதழுக்குக் கொடுங்கள்.