சாவியில் செல் இல்லாமல் வண்டியைத் திறந்து பாருங்கள்

புது ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நான் அதை ஓட்டவில்லை. ரிமோட் சாவியைப் பிரித்து, உள்ளே இருந்த பட்டன் செல்லைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, உயிரில்லாத அந்தச் சாவியோடு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திறந்து, ஸ்டார்ட் செய்து, திரும்பப் பூட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அன்றைய வேலை.

பழைய வண்டியில் பட்ட பாடுதான் காரணம். இரவு பதினோரு மணி, கூட அம்மா. கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கவில்லை, பட்டனை அமுக்கினாலும் சத்தமில்லை. ஆள் வந்து திறந்துவிடும் வரை நாற்பது நிமிடம் அம்மா நின்றுகொண்டே இருந்தார். கதவைத் திறக்கும் இரும்புச் சாவி அந்த ரிமோட்டுக்குள்ளேயே, என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்பது நிமிடம் யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், சாவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கைப்பிடியைத் தொட்டதும் வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்த அலைவரிசையில் ஒரு குரல் கொடுக்கிறது. அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. பையில் தூங்கிக்கொண்டிருக்கும் சாவி அதைக் கேட்டு விழித்து, தன் ரகசிய எண்ணை 433 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்புகிறது. அமெரிக்காவில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 315. இந்தப் பதிலை அனுப்பத்தான் செல் வேண்டும். அது போக, சாவிக்குள் செல்லே தேவைப்படாத ஒரு குட்டிச் சில்லும் இருக்கிறது. வண்டிக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சாவியை ஒட்டி வைத்தால், அங்கிருக்கும் கம்பிச்சுருளே அதற்கு மின்சாரம் கொடுத்து எண்ணைப் படித்துக்கொள்ளும். செல் செத்தாலும் இன்ஜின் கிளம்புவது இதனால்தான்.

சரி, ஒத்திகைக்கு வருவோம். கைப்பேசியில் கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சாவியின் விளிம்பில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் இரும்புச் சாவி வெளியே வரும். அடுத்து, அது போகும் துவாரத்தைத் தேடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் இங்கேதான் ஆட்கள் திணறுகிறார்கள். சில வண்டிகளில் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் கதவில் துவாரமே கிடையாது. கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் 2005 மாடலாக வந்த ஆறாம் தலைமுறையில் பின்பக்கம் டிக்கியைத்தான் சாவி போட்டுத் திறக்க வேண்டும். அதற்குள் இருக்கும் ஒரு பட்டையை இழுத்தால் ஓட்டுநர் கதவு திறக்கும். இதை இருட்டில் நின்றுகொண்டு யாராலும் ஊகிக்க முடியாது, பகலில் ஒருமுறை செய்து பார்த்தவருக்குத்தான் கை போகும்.

இரும்புச் சாவியில் திறந்தால் அலாரம் அலறலாம். பயந்து விலகாமல் உள்ளே உட்கார்ந்து, சாவியை அதற்கான இடத்தில் வையுங்கள். அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடிக்க வேண்டியவை உண்டு, நடுப்பெட்டிக்குள் ஒரு குழியில் வைப்பவை உண்டு, ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் பிடிப்பவையும் உண்டு. பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்கள். வண்டி சாவியை அடையாளம் கண்டதும் அலாரம் அடங்கிவிடும். எனக்கு முதல் தடவை பதினைந்து நிமிடம் ஆனது, இரண்டாவது தடவை மூன்று. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.

செத்தது சாவியா, வண்டியின் பேட்டரியா என்று பிரித்தறிவதும் முக்கியம். பட்டனை அமுக்கும்போது சாவியில் இருக்கும் சின்ன விளக்கு எரியவில்லை என்றால் செல் போயிருக்கும். விளக்கு எரிந்தும் வண்டியில் அசைவில்லை என்றால் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஸ்போர்ட்ஸ் காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிறோம். அந்த நேரமெல்லாம் அது சாவிக்காகக் காது கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் கரைக்கிறது. நீண்ட நாள் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜர் ஒன்றை மாட்டி வையுங்கள். சாவியையும் வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். வண்டியை ஒட்டிய சுவரில் ஆணியடித்து மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று விழிக்கச் செய்துகொண்டே இருக்கலாம்.

பேட்டரி இறங்கிய வண்டியில் இரண்டு ஆபத்துகள். கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாத வண்டிகளில், கதவு திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி வழிவிடும். மின்சாரம் இல்லாவிட்டால் இறங்காது. அப்போது வேகமாகத் திறந்து மூடினால் ரப்பர் கிழியும், கண்ணாடியே உடையலாம். மெதுவாகக் கையாளுங்கள். இன்னொன்று உள்ளே இருப்பவருடைய பிரச்சினை. மின்தாழ்ப்பாள் கதவுகளில் உள்ளிருந்து அவசரமாக வெளியேற ஒரு கைவிசை இருக்கும், கார்வெட்டில் இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் இருப்பது போல. உங்கள் வண்டியில் அது எங்கே என்று உங்களோடு பயணம் செய்யும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள், குழந்தைகளுக்கும்.

செல் மாற்றுவது சுலபம். பல சாவிகளில் சிஆர் 2032 தான்: 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்ற எண் கொண்டதும் அதே அகலம், அதே வோல்ட், ஆனால் 2.5 மில்லிமீட்டர்தான் தடிமன். உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் தொடர்பு விட்டு விட்டு வரும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் வருகின்றன. அந்தப் பூச்சு சில சாவிகளில் தொடர்பைத் தடுக்கும், மாற்றியதும் சோதித்துப் பாருங்கள். பழைய செல்லைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நிமிடம் கூட வைக்காதீர்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவன் வண்டிக் கதவருகே, இன்னொருவன் வீட்டுச் சுவரருகே நின்று, வண்டியின் குரலைக் கருவி வழியாக வீட்டுக்குள் இருக்கும் சாவிக்குக் கடத்துகிறார்கள். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி வண்டி திறந்துகொள்கிறது. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டி 2011-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அசையாமல் இருந்தால் தூங்கிவிடும் சாவிகளும், அலை வந்து சேரும் நேரத்தை அளந்து தூரத்தைச் சரிபார்க்கும் சாவிகளும் பிறகு வந்தன. உங்களுடையதில் இவை இல்லையென்றால் அலை புகாத உலோக இழைப் பை வாங்குங்கள். வாங்கியதும் சாவியைப் பைக்குள் போட்டுக் கதவருகே நின்று கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் அந்தப் பை வீண். நன்றாக இருக்கும் பையும் மடிப்பில் தேய்ந்துபோகும், நான் மாதம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்கிறேன். மாற்றுச் சாவிக்கும் ஒரு பை வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள்.

கைப்பையில் சாவியையும் கைப்பேசியையும் ஒரே அறையில் போடாதீர்கள். வயர்லெஸ் சார்ஜர் மேல் சாவியை வைத்தால் வண்டிக்கு அது கண்ணிலேயே படாமல் போகலாம்.

கடைசியாக, ஓட்டுகிறவரிடம்தான் சாவி இருக்க வேண்டும். ஒருநாள் தம்பியை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். அதுவரை அவன் ஓட்டி வந்ததால் சாவி அவன் சட்டைப்பையில். இன்ஜினை நிறுத்தாமலேயே நான் இடம் மாறி உட்கார்ந்துகொண்டேன். வண்டி சில தடவை கூவி எச்சரித்தது, ரயில் நிலையத்து இரைச்சலில் அதை நான் கவனிக்கவில்லை. சாவி போய்விட்டது என்பதற்காக ஓடும் இன்ஜினை வண்டி தானாக அணைக்காது, நிறுத்தினால்தான் திரும்பக் கிளம்பாது. பாதி வழியில் திரையில் எச்சரிக்கையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. எங்கும் அணைக்காமல், பெட்ரோல் போடக்கூட நிற்காமல் வீடு வந்து சேர்ந்தேன். மாற்றுச் சாவி வீட்டில் இருந்தது. இப்போதெல்லாம் தம்பி இறங்கினால், கதவைச் சாத்துவதற்கு முன்னால் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போகிறான்.