கரையிலேயே ஆக்சிஜனைப் பிடித்து வையுங்கள்

சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்களுக்கு நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கச் சொல்லித் தருபவர்கள், சேர்ந்து ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு அசைடு ஆகிய இரண்டு கரைசல்களையும் வண்டியூர் கண்மாய்க் கரைக்கே கொண்டு போய்விடுங்கள். மதுரை வெயிலில் பாட்டிலை ஆய்வகம் வரை சும்மா தூக்கி வந்தால் வழியிலேயே அளவு மாறிவிடும்.

300 மி.லி. பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பாட்டிலைக் குமிழி இல்லாமல் வழிய வழிய நிரப்பி, இரண்டையும் வரிசையாக விட்டு (அசைடு நஞ்சு, பிப்பெட்டை வாயால் உறிஞ்ச விடவே கூடாது), மூடிக் கவிழ்த்துக் குலுக்கட்டும்: பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை, இதை மாணவர்கள் கரையில் நின்று கண்ணால் பார்ப்பதுதான் முக்கியம்.

அப்புறம் ஆய்வகத்தில் அமிலம் சேர்த்து தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யும்போது (சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும்போது), கரைசல் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகே ஸ்டார்ச் (அது அயோடினோடு நீலமாகும், அந்த நீலம் மறைவதுதான் முடிவு). முன்னாலேயே ஊற்றினால் நீலம் சட்டென்று போகாது. ஒரே நீரில் இரண்டு பாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். அளவு ஒத்துப்போகாவிட்டால் நிரப்பும்போது காற்று புகுந்ததா என்று முதலில் பாருங்கள்.