புதுக்கோட்டைப் பாறைகளுக்கு இரண்டு நாள் எடுத்து வையுங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பீடோங்கில் யார் வீட்டில் இந்தியப் பயணம் என்றாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். சமயபுரம், பழனி, மதுரை, குலதெய்வம், கடைசி இரண்டு நாள் திருச்சியில் துணிக்கடை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தோம். தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ரஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கி, தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, இங்கேயே கண்மூடியவர். அவர் ஊருக்குப் போகிற வழியில் நார்த்தாமலை என்று ஒரு பலகை வரும். ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். போன பயணத்தில்தான் அம்மா, "அந்த மலையிலதான் உங்க தாத்தா மாடு மேய்ச்சாராம், ஒரு தடவ பார்த்துட்டுப் போவமே" என்றார். வண்டியைத் திருப்பினோம். அதற்கப்புறம் திருச்சித் துணிக்கடைக்கு நாங்கள் போகவேயில்லை.

ஆகவே, போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்து நாள் பயணத்தில் இரண்டு முழு நாளைப் புதுக்கோட்டைக்கு ஒதுக்குங்கள். இரண்டு கோயிலுக்கு நடுவே அரை மணி நேரம் எட்டிப் பார்க்கிற இடமில்லை இது. நகரைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் மனிதர் குடைந்த பாறைகள் இத்தனை இருக்கிற இடம் தமிழ்நாட்டிலேயே அபூர்வம். பல்லவர் கடற்கரையான மாமல்லபுரத்தை எல்லாருக்கும் தெரியும். நம் மக்கள் திருச்சியில்தான் வந்து இறங்குகிறார்கள். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இது இருப்பது பலருக்குத் தெரியவில்லை.

முதலில் காகித வேலை. மலேசியக் கடப்பிதழுக்கு இந்திய விசா கட்டாயம். மின்விசாவை வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். திருச்சி விமான நிலையமும் அதை ஏற்கிறது. இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதேபோலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் காசு பிடுங்குகின்றன. நம் பெயரில் இன்னாரின் மகன், மகள் என்று காட்ட வரும் ஏ/எல், ஏ/பி சாய்கோட்டைப் பல படிவங்கள் ஏற்காது. டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். கடப்பிதழில் ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிமார் தகர டப்பாவில் பத்திரப்படுத்திய பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8 இரவோடு செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டையும் 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அங்கே டீக்கடை வரை எல்லாரும் கைப்பேசியில் காட்டிக் காசு கட்டுகிறார்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது சுலபமாக வராது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக நிறைய மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் இளநீர் வெட்டுகிற அம்மாவிடம் ஐநூறை நீட்டினால் அவருக்கும் சங்கடம், நமக்கும் தாகம்.

பீடோங்கிலிருந்து முதல் நாளே கோலாலம்பூர் போய்விடுவது நல்லது. அங்கிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. நகரத்துக்குள் நுழையாமல் நேரே தெற்கே போனால் ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரத்தில் புதுக்கோட்டை. அங்கேயே அறை எடுத்துத் தங்குங்கள். திருச்சியில் தங்கிக்கொண்டு தினமும் வந்து போனால் வெயில் ஏறிய பிறகுதான் பாறைக்கு வந்து சேருவீர்கள்.

வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். நம் ஊர் வெயில் வேர்க்க வைக்கும். அங்கே மரமில்லாத கற்பாறை அடுப்புக் கல்போலக் காயும். முன்பு ஒருமுறை மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, ஒரு கோயில் பாறையில் வெறுங்காலோடு நடந்து என் மனைவிக்கு இரண்டு பாதமும் கொப்பளித்துவிட்டது. மீதிப் பயணம் முழுவதும் காரை விட்டு இறங்க முடியவில்லை. ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம். வேறு மாதத்தில் போகிறவர்கள் காலை வேலையை பதினொரு மணிக்குள் முடித்துக்கொண்டு, நாலு மணிக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். பழைய பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் அது காப்பாற்றும்.

முதல் நாள் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கமாக 16 கிலோமீட்டர். தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்நாட்டவரைவிடப் பல மடங்கு அதிகம். தமிழில் பேசிவிட்டு உள்ளூர்ச் சீட்டு வாங்கப் பார்க்காதீர்கள். கேட்டால் கடப்பிதழைக் காட்டி முறையாகக் கட்டுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு உள்நாட்டுக் கட்டணம்தான்.

திறந்த உடனே ஏழடிப்பட்டத்துக்கு ஏறிவிடுங்கள். குன்றின் ஒரு பக்கம் ஏறி, விளிம்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கினால் ஓர் இயற்கைக் குகை வரும். சமணத் துறவிகள் படுத்த பதினேழு கற்படுக்கைகள் அங்கே வழவழப்பாக இருக்கின்றன. தலை வைக்கிற இடத்தில் கல்லையே கொஞ்சம் உயர்த்தித் தலையணை செய்திருக்கிறார்கள். அவற்றில் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. கிறித்துவுக்கு முந்தையது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளயர் இதைச் செய்து கொடுத்தார் என்கிறது அது. எருமிநாடு என்பதை மைசூர்ப் பக்கம் என்று சொல்வார்கள். எங்கிருந்தோ வந்தவர் ஒருவர், இன்ன ஊரில் பிறந்தவர் என்று அவருடைய படுக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பிறந்த ஊரைத் தேடி மலேசியாவிலிருந்து போகிற எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஏழடிப்பட்டம் வேண்டாம். அவர்களை நேரே, பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அதற்குப் படி குறைவு. முன்னால் நிற்கும் தூண் மண்டபம் 20ஆம் நூற்றாண்டில் சேர்த்தது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே போய், கண் இருட்டுக்குப் பழகும் வரை பேசாமல் நில்லுங்கள். பிறகு மேலே பாருங்கள். விதானம் முழுக்க ஒரு தாமரைக்குளம். பச்சை இலை, விரிந்த பூ, மொட்டு, நடுவில் மீன், அன்னம், எருமை, யானை. குளத்துக்குள் இறங்கி மூன்று பேர் பூப் பறிக்கிறார்கள். கீழே தூண்களில் ஆடும் பெண்கள். வர்ணம் நிறையப் போய்விட்டது, கைவீச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. முன்பு இதைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது என்று எழுதினார்கள். வெளியே பாறையில் இருக்கும் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது. அரசன் சீமாறன் சீவல்லபன்.

கருவறைக்குள் போய் வாயை மூடிக்கொண்டு மெதுவாக "ம்ம்" என்று ஒலி எழுப்புங்கள். அறை முழுக்க ரீங்கரிக்கும். ஆனால் ஓவியத்தைத் தொடாதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். குழந்தைகள் கையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் தாங்கிய வர்ணம் நம் விரலின் எண்ணெயைத் தாங்காது.

அங்கிருந்து குடுமியான்மலை பக்கம்தான். மேலைக்கோயில் என்ற குடைவரைக்கு (பாறையைக் குடைந்த கோயிலுக்கு) அருகே பாறையில் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில், சுர வரிசைகளோடு. கோயில் உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடும், அதற்குள் போய்விடுங்கள்.

மதியம் புதுக்கோட்டைக்குத் திரும்பிச் சாப்பிடுங்கள். முட்டை மாஸ் அந்த ஊர்ச் சரக்கு, விட வேண்டாம். சாயங்காலம் திருக்கோகர்ணம். பிரகதாம்பாள் கோயில் கருவறையே குடைவரைதான். அதே பகுதியில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. தொண்டைமான் சமஸ்தானத்தின் அம்மன் காசை அங்கே பார்க்கலாம்.

இரண்டாம் நாள் காலை திருமயம். தெற்கே காரைக்குடிச் சாலையில் 20 கிலோமீட்டர். ஊரே ஒரு பாறையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அதன் சரிவில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை, அடுத்தடுத்து. வருமானத்தைப் பிரிப்பதில் இரண்டு தரப்புக்கும் வழக்கு வந்து, 13ஆம் நூற்றாண்டில் போசள (ஹொய்சாள) அரசின் தளபதி ஒருவர் தீர்த்து வைத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. பெருமாள் பாறையிலேயே பள்ளிகொண்டிருக்கிறார். ஆதிசேஷன் நஞ்சுத் தீயைக் கக்க, மதுவும் கைடபனும் ஓட, பூமாதேவி காலடியில் ஒதுங்கியிருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அர்ச்சகர் தலையிலிருந்து பாதம் வரை தீபத்தை நகர்த்திக் காட்டுவார். அவசரப்படாமல் அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே கண்ணைக் கொண்டு போங்கள். 108 திவ்யதேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. மேலே இருக்கும் கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. ஊர்க்காரர்கள் ஊமையன் கோட்டை என்பார்கள். நடுவழியில் செங்குத்தான பாறையில் ஒரு சிவலிங்கக் குடைவரை உண்டு. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

நார்த்தாமலையைக் கடைசிக்கு வைக்கச் சொல்வேன். இரவு விமானமாக இருந்தால் பெட்டிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு அறையைக் காலி செய்துவிடுங்கள். திருச்சிச் சாலையில் திரும்பும்போது கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கீழே முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நாலு மணிவாக்கில் மேலமலை ஏறுங்கள். மேலே கடை கிடையாது. தண்ணீர் தூக்கிக்கொண்டு போங்கள். பூட்டிய கதவுகளைத் திறக்க ஊரில் காவலாளி யார் என்று ஏறும் முன்பே விசாரியுங்கள். "அண்ணே, மலேசியாவிலேருந்து வந்திருக்கோம்" என்றால் போதும், யாராவது கூடவே வந்துவிடுவார்கள்.

விஜயாலய சோழீச்சுரம் மேற்குப் பார்த்த கோயில். அந்த நேரத்து வெயில் முகப்பில் விழும். சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டி, மழையில் இடிந்து, மல்லன் விடுமன் திருப்பிக் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆள் உயரத் திருமால் பன்னிரண்டு பேர், அச்சு மாறாமல் வரிசையாக நிற்கிறார்கள். இன்னொன்று பழியிலி ஈச்சுரம். சாத்தன் பழியிலி குடைவித்தது. முன்மண்டபம் எடுத்தவர் அவர் மகள் பழியிலி சிறிய நங்கை.

அந்தப் பாறையோரம்தான் அம்மா நின்றுவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய கை அவருடையது. வழவழப்பாக்காமல் விட்ட இடத்தில் உளி வரிகள் சாய்வாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. கட்டைவிரலை ஒரு வரியில் வைத்து நகர்த்திப் பார்த்தார். "சாய்வு மாறவே இல்லப்பா. இது ஒரே ஆளு வெட்டினது" என்றார். கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தைத் தொட்டு, "இது வேற கை" என்றார். அம்மா காட்டிய பிறகு எனக்கும் வித்தியாசம் தெரிந்தது.

நகரத்தார் மலைதான் நார்த்தாமலை ஆனது என்பார்கள். வணிகர் வாழ்ந்த ஊர். பக்கத்துக் கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழு இருந்தது. கெடாவுக்கு வடக்கே, தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மெர்போக் கூட்டிப்போய், நம் கெடாவிலேயே இந்தியத் தொடர்பைச் சொல்லும் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளத்தைக் காட்டிவிடுங்கள். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. அதைப் பார்த்த கண்ணோடு நார்த்தாமலை ஏறினால், பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

நார்த்தாமலையிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் பொழுது சாயும் முன் இறங்கத் தொடங்கிவிடுங்கள், பாறைச் சரிவில் இருட்டில் கால் வழுக்கும். பால் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டுகிற விளக்கு வீட்டில் இருந்தால் அதையும் பெட்டியில் போடுங்கள். நாங்கள் இறங்கும்போது இருட்டிவிட்டது. அம்மா அதைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்; காவலாளி அண்ணன் உட்பட நாங்கள் நாலு பேரும் அந்த வெளிச்சத்தில் பின்னால் இறங்கினோம்.