அந்தமானுக்கு முதல் தடவை போறீங்களா? போட் டிக்கெட்ல இருந்து ப்ளான் பண்ணுங்க

அந்தமான் போலாம்னு வீட்ல பேச்சு வந்ததும் எல்லாரும் முதல்ல ரிசார்ட் போட்டோ தான் பாப்போம், நானும் அதத்தான் செஞ்சேன். போயிட்டு வந்தப்புறம் தான் புரிஞ்சுது, அங்க நம்ம நாள முடிவு பண்றது கடலும் போட்டும் தான். அதனால இந்த வரிசைல போங்க.

முதல்ல மாசம். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லா இருக்கும், என்னைக் கேட்டா பிப்ரவரி, மார்ச். ஜூன், ஜூலைல டிக்கெட் கம்மியா இருக்கேன்னு கிளம்பிடாதீங்க, அது தென்மேற்கு பருவமழை நேரம், கடல் கொந்தளிச்சா போட்டையே நிறுத்திடுவாங்க.

ரெண்டாவது, ஊர் பேரு. ஃப்ளைட் இறங்கற தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, ஹேவ்லாக் தீவு 2018லயே ஸ்வராஜ் த்வீப் ஆயிடுச்சு, நீல் தீவு ஷஹீத் த்வீப். புக் பண்றப்ப பழைய பேரும் வரும் புது பேரும் வரும், குழம்பிக்காதீங்க.

மூணாவது தான் முக்கியம், ராத்திரிகள பிரிக்கறது. முதல் தடவைக்கு 5 ராத்திரி போதும்: போர்ட் பிளேர் 1, ஹேவ்லாக் 2, நீல் 1, திரும்ப போர்ட் பிளேர் 1. அந்த கடைசி ராத்திரிய மட்டும் யார் சொன்னாலும் விட்டுக் கொடுக்காதீங்க. நாங்க முதல் தடவை கடைசி நாள் காலைல தீவுல இருந்து போட் ஏறி அப்படியே மதியம் ஃப்ளைட் பிடிச்சிடலாம்னு போட்டிருந்தோம், அன்னைக்கு காத்து அதிகமா இருக்குன்னு போட் கேன்சல், ஃப்ளைட்டும் போச்சு, கைல இருந்த காசெல்லாம் புது டிக்கெட்டுக்கே போயிடுச்சு, அம்மா போட் ஏறற இடத்துலயே உக்காந்து அழுதுட்டாங்க.

அடுத்து ஃப்ளைட். சென்னைல இருந்து ரெண்டே கால் மணி நேரம் தான், கப்பல்ல போனா கிட்டத்தட்ட மூணு நாள் ஆகும், அதனால முதல் தடவை ஃப்ளைட்டே எடுங்க, அதுவும் காலைல போறது. அந்தமான் ரொம்ப கிழக்க இருக்கு, ஆனா கடிகாரம் நம்ம இந்திய நேரம் தான், குளிர் மாசத்துல சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும். மதியம் போய் இறங்கினா அந்த நாளே போன மாதிரி.

ஃப்ளைட் போட்ட கையோட போட் டிக்கெட் எடுங்க, ஹோட்டல் அதுக்கப்புறம். தனியார் போட்ல ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம், ஏசி இருக்கும், ஆனா சீட்ல உக்காந்தே தான் வரணும். அரசு போட் விலை ரொம்ப கம்மி, கொஞ்சம் மெதுவா போகும். வாந்தி வர்றவங்க அரை மணி நேரம் முன்னாடியே மாத்திரை போட்டுக்கோங்க. ஒரிஜினல் ஆதார் கைல இருக்கணும்.

ஹேவ்லாக்ல ராதாநகர் பீச்ச சாயங்காலத்துக்கு வச்சுக்கோங்க, மேற்கு பாத்த பீச், சூரியன் கடல்ல இறங்கறத பாக்கலாம். காலாபத்தர் பீச் கிழக்கு பக்கம், அது விடிகாலைக்கு. ஸ்கூபா பண்ற ஆசை இருந்தா ஹேவ்லாக் போனதுமே பண்ணிடுங்க, ஏன்னா தண்ணிக்கடில போயிட்டு வந்து ஒரு நாளாவது கழிச்சு தான் ஃப்ளைட் ஏறணும், உடனே ஏறினா உடம்புக்கு ஆபத்து. நீல் தீவுல அந்த இயற்கை பாறைப் பாலத்த தண்ணி வத்தற நேரத்துல தான் கிட்ட போய் பாக்க முடியும், ஹோட்டல்ல கேட்டா நேரம் சொல்வாங்க.

பணத்த போர்ட் பிளேர்லயே எடுத்துக்கோங்க, தீவுகள்ல ஏடிஎம் கம்மி, நெட்வொர்க்கும் அப்பப்ப படுத்துக்கும், ஜிபேய நம்பி போக வேணாம்.

ரெண்டு விஷயம் கெஞ்சியே கேக்கறேன். பீச்ல கிடக்கற பவளத்துண்ட பைல போடாதீங்க, அது சட்டப்படி குத்தம். இன்னொன்னு, பாராடாங் தீவுக்கு போற ரோடு ஜாரவா பழங்குடி மக்களோட காட்டு வழியா போகுது, வண்டிங்கள ஒண்ணு பின்னாடி ஒண்ணா கான்வாயா தான் விடுவாங்க, போட்டோ எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. சுண்ணாம்புக் குகை பாக்க போறீங்கன்னா போங்க, அவங்கள வேடிக்கை பாக்கறதுக்காக போகாதீங்க, அது அவங்க வீடு.

கடைசி நாள், வெள்ளைக்காரங்க சுதந்திரப் போராட்டக்காரங்கள அடைச்சு வச்ச செல்லுலார் ஜெயிலுக்கு. 1906ல கட்டி முடிச்சது, 7 கட்டடத்துல இப்ப 3 தான் மிச்சம். ஒரு கட்டடத்தோட முன்பக்கம் அடுத்ததோட பின்பக்கத்த பாத்த மாதிரி கட்டியிருக்காங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துடக் கூடாதுன்னு. ஒரு செல்லுக்குள்ள போய் அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க.

மொழிய நினைச்சு பயப்படாதீங்க. ஹிந்தி தான் பொதுவா பேசறாங்க, ஆனா போர்ட் பிளேர்ல தமிழ்க்காரங்க நிறைய பேர் இருக்காங்க, அபர்தீன் பஜார்ல எங்க அம்மா ஒரு வார்த்த ஹிந்தி இல்லாம தமிழ்லயே பேரம் பேசி ரெண்டு நைட்டி வாங்கிட்டு வந்தாங்க.